பசுமைக்குடில் போடலாமா? குடும்பக் குழுவில் ஒரு சாயங்காலப் பேச்சு

கவிதா: வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் போடலாம் என்று பார்க்கிறேன். பாலித்தீன் ஷீட் வாங்கி நாலு பக்கமும் மூடிவிட்டால் போதும்தானே?

சேகர் சித்தப்பா: மூடினால் செடி வெந்துவிடும்மா. முதலில் ஒன்று சொல். எதிலிருந்து செடியைக் காப்பாற்ற வேண்டும்? குளிரா, வெயிலா, மழையா, பூச்சியா?

கவிதா: வெயில்தான் சித்தப்பா. கோடையில் தக்காளி பூக்கிறது, ஆனால் பூ எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

சேகர் சித்தப்பா: அப்படியென்றால் உனக்கு வேண்டியது நிழல்வலைக்குடில். பாலித்தீன் குடில் சூட்டைக் கூட்டத்தான் செய்யும். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும், பூ உதிரும். மூடிய குடிலுக்குள் வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதலாக ஏறுவது சர்வசாதாரணம்.

முரளி: கண்ணாடியோ ஷீட்டோ வெப்பக்கதிரை வெளியே விடாது, அதனால்தான் சூடு என்று பள்ளியில் படித்தோமே?

சேகர் சித்தப்பா: அதன் பங்கு சின்னதுதான். வெயிலில் மண் சூடாகிறது, அதை ஒட்டிய காற்றும் சூடாகிறது. திறந்த வெளியில் அந்தக் காற்று மேலே போய்விடும். குடிலுக்குள் போக வழியில்லை. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இதைச் சோதித்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக்கதிரை வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் சூடேறின.

முரளி: அப்போ கூரையில் ஓட்டை போட்டால் வேலை முடிந்தது!

சேகர் சித்தப்பா: நீ கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான்டா. உச்சியில் ஒரு திறப்பு, பக்கவாட்டில் கீழே ஒரு திறப்பு. சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதுக் காற்று உள்ளே வரும். தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது கூரைத் திறப்பு இருக்க வேண்டும் என்பார்கள். குடில் உயரமாக இருந்தால் இன்னும் நல்லது.

லதா அத்தை: எங்கள் ஊர்க் குளிருக்கு எல்லாம் நேர் எதிர். இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (நடுவில் காற்று இடைவெளி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் தகடு) போட்டு, உள்ளே கறுப்பு டிரம்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறோம். பகலில் சூட்டை வாங்கி ராத்திரி விடும். ஆனால் நாங்களும் மதியத்தில் கொஞ்ச நேரம் திறந்துவிடுவோம். இல்லையென்றால் உள்ளே ஈரம் கட்டி, இலையெல்லாம் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிடும். தண்ணீர் காலையில்தான் விட வேண்டும் கவிதா, சாயங்காலம் கூடாது.

கவிதா: சரி அத்தை. சித்தப்பா, வலை என்றால் எந்த வலை? 75 சதவீத வெயிலைத் தடுக்கும் வலை என்று ஒன்று பார்த்தேன், நல்ல அடர்த்தி.

சேகர் சித்தப்பா: ஐயோ, அதை வாங்காதே! அது பெரணிக்கும் ஆர்க்கிடுக்கும். தக்காளி, மிளகாய்க்கு 35 சதவீதம் போதும், கீரைக்கும் நாற்றுக்கும் 50 வரை போகலாம். அதிகமாக நிழல் கொடுத்தால் செடி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. நிறைய பேர் அடர்த்தியைப் பார்த்து மயங்கித்தான் ஏமாறுகிறார்கள்.

முரளி: பூச்சிக்கு?

சேகர் சித்தப்பா: வெள்ளை ஈயைத் தடுக்க 40 அல்லது 50 மெஷ் வலை வேண்டும், அதாவது ஓர் அங்குல நீளத்தில் அத்தனை துளை. ஆனால் துளை சின்னது, காற்றோட்டம் குறையும். அதனால் திறப்பைப் பெரிதாக வைக்க வேண்டும். அப்புறம், தேனீயும் உள்ளே வராது. தக்காளிக்குப் பூங்கொத்தைக் காலையில் லேசாகத் தட்டிவிட்டால் போதும். பூசணி வைத்தால் ஆண் பூவைப் பறித்து நீயேதான் பெண் பூவில் தடவ வேண்டும்.

கவிதா: தேனீ வேலையும் எனக்கா!

முரளி: கம்பி நடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், தேனீ வேலை உனக்கு.

சேகர் சித்தப்பா: கம்பியை ஆழமாக நடுங்கள், காற்றில் வலை பாய்மரம் மாதிரி இழுக்கும். அதற்கு முன்னால் ஒரு வெப்பமானி வாங்கி, வெயில் நேராகப் படாமல் செடி உயரத்தில் தொங்கவிட்டு ஒரு வாரம் மதிய வெப்பத்தைக் குறித்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு வலை வாங்கலாம்.