ஷேடோ போர்டுக்கு "தடப்பலகை" – என் வாக்கு இதுக்குத்தான்

வணக்கம் எல்லாருக்கும்,

ரெண்டு நாளா வந்த மடல் எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. வீட்டுல இஞ்சி பீர் போடறவங்களுக்காக நாம தொகுக்கிற கையேட்டுல "சின்னச் சாமான்களை எங்க எப்படி வைக்கிறது"ங்கிற பகுதி மட்டும் இன்னும் முடியாம நிக்குது, அதுக்குக் காரணம் "ஷேடோ போர்டு"க்குத் தமிழ்ல என்ன போடறதுங்கிற இந்த ஒரு சொல்லுதான். (போதை ஏறுற பீர் பத்தி எழுதலையான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. நம்ம மலேசியாவுல லைசென்ஸ் இல்லாம மது காய்ச்சக்கூடாது தம்பி, 1976 கலால் சட்டம் இருக்கு. வெளிநாட்டுக் கையேடுகள்ல வர்ற சாமான் விவரத்த மட்டும் நாம எடுத்துக்கிறோம்.)

புதுசா சேர்ந்தவங்களுக்காக ஷேடோ போர்டுன்னா என்னன்னு ஒரு வார்த்தை. ஒரு பலகையில ஒவ்வொரு சாமானையும் வெச்சு, சுத்தி கோடு இழுத்து, உள்ளுக்குப் பளிச்சுன்னு பெயிண்ட் அடிச்சு, அதுமேல கொக்கி போட்டு மாட்டுறோம். சாமான எடுத்தா பெயிண்ட் தெரியும், என்ன காணோம்னு யாரையும் கேக்க வேணாம். பினாங்கு, கூலிம் பக்கம் ஃபேக்டரில வேல செஞ்ச நம்ம புள்ளைங்களுக்கு இது 5எஸ் (வேல செய்ற எடத்த ஒழுங்கா வெச்சுக்கிற முறை) பாடத்துல வந்திருக்கும், ஜப்பான்காரங்க சொல்ற செய்டொன், அதாவது எடுக்க வைக்க தோதா அடுக்கிறது, அதுல சேர்ந்த விஷயம். விமானம் ரிப்பேர் பண்ற இடத்துல இது உயிர்ப் பிரச்சன, ஒரு ஸ்பேனர் எஞ்சினுக்குள்ள தங்கிடக் கூடாதுல்ல.

> நிழற்பலகைன்னே போட்டுடலாம், நேரா இருக்கு, யாருக்கும் புரியும்.

கிள்ளான் அண்ணே, எனக்கு இதுல மனசு ஒப்பல. நிழல்னா வெயில் சாய சாய நகரும், நாம வரைஞ்ச கோடு அப்படி நகராது. அதோட சாமான் இருந்தாத்தான் நிழல் விழும், இங்க சாமான் இல்லாதப்பத்தான் நமக்கு அந்த வடிவமே வேணும். அப்படியே தலைகீழா போகுது அண்ணே. ஆனைத்தடம்னு சொல்றோம் பாருங்க, ஆனை போன பெறகு மண்ணுல மிஞ்சுறது, பாத்த ஒடனே எது போயிருக்குன்னு தெரிஞ்சிடுது. நமக்கு வேண்டிய அர்த்தம் அந்தத் "தடம்"ங்கிற சொல்லுல ஏற்கனவே உக்காந்திருக்கு.

இன்னொரு காரணம் இதவிடப் பெருசு. எல்லாச் சாமானையும் பலகையில மாட்ட முடியாது. ஹைட்ரோமீட்டர எடுத்துக்குங்க, பானத்தோட அடர்த்தி பாக்க மிதக்க விடுற கருவி, மெல்லிசு கண்ணாடி, கொக்கில தொங்க விட்டா ஒரு நாள் கீழதான். (தோட்டத்துல பால் ஸ்டோர்ல மெட்ரோலேக் பாத்த பெரியவங்களுக்கு இது புதுசில்ல, பால்ல எவ்வளவு ரப்பர் இருக்குன்னு மிதக்க விட்டுப் பாக்கிற அந்தக் கருவியும் இதே இனம்தான்.) இத கெட்டி ஸ்பாஞ்ச் ஷீட்டுல அதே அளவுக்குப் பள்ளம் வெட்டி டிராயர்ல வைக்கணும். அங்க கோடும் கெடையாது பெயிண்டும் கெடையாது, வெறும் பள்ளம், அதப்போய் நிழல்னு எப்படிச் சொல்றது? தடம்னா ரெண்டுக்கும் பொருந்துது. பலகையில வரைஞ்சா தடப்பலகை, தட்டுல வெட்டினா தடத்தட்டு. ஒரு சாமான் கொறஞ்சா "காலித்தடம்". "ராத்திரி காலித்தடம் இருக்கான்னு பாத்துட்டுப் படு"ன்னு வீட்டுல சொல்லலாம், நாக்குல தானா வருது. சொல்லு ஒண்ணு உண்டாக்கினா அதுல இருந்து நாலு சொல்லு கெளைக்கணும், இல்லன்னா அது அகராதியிலயே கெடந்து செத்துப்போகும், இதுல நான் பிடிவாதமாவே இருக்கேன்.

> கருவி இருப்பிட உருவரைப் பலகை

ஐயா, நீங்க சொன்னதுல பொருள் பிசகே இல்ல, வணங்குறேன். ஆனா லேபிள்ல ஒட்ட எடம் பத்தாது, தாமான் (குடியிருப்பு) வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு யாரும் இத முழுசா சொல்ல மாட்டாங்க. "உருவரை"ங்கிறத விளக்கத்துல வெச்சுக்குவோம், தடம் = சாமானின் உருவரை, அப்படின்னு.

சிரம்பான் அக்கா தடம்னா பஸ் தடம், ரயில் தடம்னு கொழப்பம் வரும்னாங்க. பலகைங்கிற சொல்லு ஒட்டினதும் அந்தக் கொழப்பம் போயிடுது அக்கா. சுவடுப்பலகையும் எனக்குப் பிடிச்சதுதான், ஆனா ஓலைச்சுவடி, பள்ளிப் பலகைன்னு மனசு வேற பக்கம் போகுது.

இப்ப சொல்ல சாமான்கிட்ட வெச்சுச் சோதிச்சுப் பாத்துடறேன், இல்லன்னா வெறும் பேச்சாப் போயிடும்.

ஏர்லாக் (நொதிக்கிற பாத்திரத்துல இருந்து வாயு வெளிய போக விட்டு, வெளிக்காத்து உள்ள வராம தடுக்கிறது), மூணு துண்டு வகை: ஒடம்பு, உள்ள மிதக்கிற குட்டித் தொப்பி, மேல் மூடி. இத ஒரே தடமா வரையக் கூடாது, மூணு தடம் வேணும். ஏன்னா சேத்து மாட்டினா உள்ள ஈரம் நிக்கும், நம்ம ஊரு புழுக்கத்துல பூஞ்சை பிடிக்க நேரம் ஆகாது, அதோட காணாமப் போறது எப்பவும் அந்தக் குட்டித் தொப்பிதான். எஸ் வளைவு வகைல பிரஷ் உள்ள போகாது, அதனால கழுவி ஆட்டித் தண்ணிய வடிச்சுட்டுத் தலைகீழா மாட்டணும், தடத்தையும் தலைகீழாவே வரைஞ்சிடுங்க.

பானத்த பாட்டிலுக்கு மாத்துற டியூப்புக்குத் தடம் வராது. சுருட்டினா ஒவ்வொரு தடவையும் வேற உருவம், அதவிட ஈரத்தோட சுருட்டினா உள்ளுக்குக் கறுப்பு பிடிச்சிடும். நடுவுல ஒரு ஆணில மாட்டி ரெண்டு முனையும் கீழ தொங்கட்டும், பக்கத்துல நீளத்த எழுதி வெச்சாப் போதும். இத "எழுத்துத்தடம்"னு சொல்லலாமான்னு யோசிக்கிறேன், இது மட்டும் எனக்கு இன்னும் முழு திருப்தி இல்ல.

ரப்பர் கார்க்கு எல்லாமே வட்டம், ஓட்ட போட்டது போடாதது ரெண்டுக்கும் தடம் ஒண்ணு மாதிரிதான் தெரியும், அதனால சைஸ் நம்பரும் ஓட்டயும் சேத்து வரையணும். பலகைய ஜன்னல் வெயில் படாத செவுத்துல மாட்டுங்க, வெயிலும் காத்துல இருக்கிற ஓசோனும் பட்டா ரப்பர் வெடிச்சுப் போகும், இது கித்தா (ரப்பர்) மரத்த நம்பி வாழ்ந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தெரியணுமா.

கிரௌன் மூடி (பாட்டில் வாயில அழுத்தி மூடுற தகர மூடி), 26 மில்லிமீட்டர், இதுக்குத் தடமே வேணாம், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும், இல்லன்னா துரு.

ஹைட்ரோமீட்டர் தடத்தட்டுலயே ஒரு சீட்டு ஒட்டுங்க. நெறைய கருவி 20 டிகிரிக்கு அளவு போட்டது, நம்ம வீட்டுத் தண்ணியோ 30 கிட்ட இருக்கு, அதனால கருவி காட்டுற ஒப்படர்த்தியோட சுமாரா 0.002 கூட்டிக்கணும். வாங்கின ஒடனே டப்பாவுல என்ன டிகிரின்னு பாத்து எழுதிடுங்க, 15.5 போட்டதும் விக்கிது, அதுக்குக் கூட்டுறது இன்னும் அதிகமா வரும்.

ஆக ஒரே சொல்லு ஏர்லாக்குக்கும் கார்க்குக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் ஓடுது, டியூப்புல மட்டும் தடுக்குது. பானத்த நொதிக்க வைக்கிற அன்னிக்கு மூடியத் தெறந்து வெச்சுட்டு குட்டித் தொப்பியத் தேடுற நெலம நம்ம கையேட்ட படிக்கிற யாருக்கும் வரக்கூடாது, அதுக்குத்தான் இவ்வளவு மல்லுக்கட்டுறேன்.

ஐயா சம்மதம்னா பதிவ இப்படிப் போடறேன்: தடப்பலகை (சேத்தே எழுதணும், ப் விட்டுடாதீங்க), தடத்தட்டு, காலித்தடம். டியூப்புக்கு நல்ல சொல்லு தோணினா அக்கா, அண்ணே, யாரா இருந்தாலும் இந்த இழையிலயே எழுதுங்க, அது வர்ற வரைக்கும் அந்த எடத்த காலியா விட்டு மத்த பகுதிய அச்சுக்கு அனுப்பிடலாம்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து