நகரும் பொருத்துவரிசை 1913 வரை ஏன் வரவில்லை?

கிளிநொச்சி ஆசிரியர்:

உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களுக்குப் பேரளவு உற்பத்தியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஹென்றி போர்ட் 1913 இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசையை (வேலையாட்கள் தத்தம் இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து வர, ஒவ்வொருவரும் தமக்குரிய பாகத்தைப் பூட்டும் வரிசை) அமைத்ததனால்தான் கார் மலிவாகியது என்று நான் சொன்னபோது, பின்வாங்கில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "கயிற்றைக் கட்டி இழுக்கிறதுதானே சேர், அதை முதலே ஏன் ஒருவரும் செய்யவில்லை?" என்று கேட்டார். கார்ல் பென்ஸ் தமது மூன்று சில்லு வண்டிக்குக் காப்புரிமை பெற விண்ணப்பித்தது 1886 இல். கயிறும் கப்பியும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே உலகில் இருந்தவை. ஆகவே இடைப்பட்ட அந்த 27 ஆண்டுகளில் இல்லாதிருந்தது எது? எனது பாடக்குறிப்பில் இதற்கு விடை இல்லை. அறிந்தவர்கள் விளக்கினால் மாணவர்களுக்குப் பயன்படும்.

நெடுங்கேணியான்:

மாணவர் சரியான இடத்திலேயே கைவைத்திருக்கிறார். கடைசல் பட்டறையில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனது விடை ஒன்றுதான்: இல்லாதிருந்தது கயிறு அல்ல, ஒரே அளவில் வெட்டப்பட்ட உதிரிப்பாகம்.

1890களில் பாரிசிலிருந்த பனார் லெவாசோர் நிறுவனம் கார் செய்த முறையைப் பாருங்கள். வெவ்வேறு பட்டறைகளில் வெவ்வேறு அளவுகோல்களைக் கொண்டு செய்யப்பட்டு வந்த பாகங்கள் ஏறத்தாழ மட்டுமே பொருந்தின. ஆகையால் கைதேர்ந்த பொருத்துநர்கள் முதல் இரண்டு பாகங்களை எடுத்து, அவை ஒன்றோடொன்று இசையும்வரை அரத்தால் அராவி, பிறகு மூன்றாவதை அவ்விரண்டுக்கும் ஏற்றபடி அராவி, இப்படியே முழு வண்டியையும் முடித்தார்கள். கடைசியில் நிற்கும் கார் அழகானதுதான், ஆனால் அதே வரைபடத்தில் செய்த அடுத்த காரும் அதுவும் அளவில் ஒன்றல்ல. அராவும் வேலை ஒரு பாகத்துக்கு ஐந்து நிமிடம் எடுக்கும், மற்றதற்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். அத்தகைய வேலையை நகரும் வரிசையில் ஏற்றினால் முதலாமவர் முடிக்குமுன் வண்டி மூன்றாமவரிடம் போய்விடும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஹென்றி லீலண்ட். அவர் ஸ்பிரிங்பீல்ட் படைக்கலச் சாலையிலும் கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் பழகியவர். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்த வேண்டும் என்ற ஒழுங்கு அங்கேதான் வளர்ந்தது. அவருடைய கடிலாக் நிறுவனத்தின் மூன்று கார்களை 1908 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் அரச மோட்டார்க் கழகத்தின் மேற்பார்வையில் கழற்றிப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, அரம் தொடாமல் திருகுசாவிகளையும் திருப்புளிகளையும் மட்டும் கொண்டு மறுபடி மூன்று கார்களாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதற்காக மோட்டார்த் துறைப் பரிசான டியூவர் கிண்ணமும் கிடைத்தது. பாடப்புத்தகங்கள் போர்டுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது இந்தச் சோதனைக்குக் கொடுக்கலாம்.

போர்டின் மொடல் ரி அதே 1908 இல் வந்தது. ஒரே மொடல், பெரிய மாற்றமில்லை, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி இயந்திரமும் தனி அளவுமானியும் என்ற நிலை ஏற்பட்ட பின்னரே வரிசை அர்த்தம் பெற்றது. 1913 வசந்த காலத்தில் முதலில் நகர்த்தப்பட்டது கார் அல்ல, பிளைவீல் மக்னீற்றோ (எஞ்சினின் தீப்பொறிக்கு மின் தரும் பாகம்). ஒருவர் தனியே 20 நிமிடத்தில் பூட்டியதை 29 பேர் பங்கிட்டுக்கொண்டபோது அது 13 நிமிடம் 10 விநாடிக்கு இறங்கியது. வேலையாட்கள் குனிந்து நிற்பதைக் கண்டு வரிசையை 8 அங்குலம் உயர்த்தியதும் 7 நிமிடமாகி, பின்னர் 5 நிமிடமாகியது. கயிற்றால் இழுத்த சேசி (காரின் அடிச்சட்டம்) வரிசை அதற்குப் பிறகுதான் வந்தது. 12 மணி 28 நிமிடம் எடுத்த அந்த வேலை 1914 இல் 93 நிமிடமாயிற்று.

ஒட்டுசுட்டான் கராச்:

நெடுங்கேணி ஐயா சொன்னதற்கு ஒரு சேர்க்கை. கார்களை எண்ணிக்கையில் செய்யத் தொடங்கியவர் போர்ட் அல்லர். ரான்சம் ஓல்ட்ஸ் 1901 இலேயே 650 டொலருக்குச் சிறு கார் விற்றார். அவ்வாண்டு அவருடைய டெற்றொயிற் தொழிற்சாலை எரிந்ததால் பாகங்களை வெளியாரிடம் வாங்கும் நிலை வந்தது. எஞ்சின் செய்து கொடுத்தவர்களுள் ஒருவர் இதே லீலண்ட், கியர்ப்பெட்டி செய்தவர்கள் டொட்ஜ் சகோதரர்கள்.

மற்றது, பொருளாதாரத் தடைக்காலத்து வன்னியைக் கண்டவர்களுக்கு அந்தப் பாரிஸ் பட்டறை புதியதல்ல. 1990களில் பழைய ஒஸ்ரின் கார்களை நாங்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சிறிய பிளாஸ்டிக் போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீய்ச்சி எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருபவர் முகத்தை மூடிக்கொள்வார். (போர்ட் 1917 இல் வெளியிட்ட போர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது.) புதிய சாமான் வராததால் புஷ்ஷை (தண்டைத் தாங்கும் உலோக உள்ளுறை) கடைந்து, அரத்தால் அராவி, அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பொருத்துவோம். அது ஓடும். ஆனால் அதைக் கழற்றி இன்னொரு ஒஸ்ரினில் போட முடியாது.

மல்லாவி வாசகி:

ஆண்கள் இருவரும் இரும்பைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வரிசையில் நின்ற மனிதரையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1913 இல் போர்ட் தொழிற்சாலையின் ஆட்பெயர்வு 370 சதவீதம். அதாவது ஓர் இடத்தை நிரப்பி வைத்திருக்க ஓராண்டில் மூன்று நான்கு பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. நாள் முழுவதும் ஒரே திருகாணியை முறுக்கும் வேலை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. 1914 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 5 டொலர் நாட்கூலியும் 8 மணி நேர வேலையும் பெருந்தன்மை என்று புகழப்படுகின்றன. எனக்கு அது ஆட்களைப் பிடித்து நிறுத்துவதற்கான செலவாகவே படுகிறது. அந்தத் தொகையில் ஏறத்தாழ பாதி இலாபப் பங்கு. அதைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்க, நிறுவனத்தின் அலுவலர்கள் தொழிலாளரின் வீட்டுக்கே சென்று, குடிப்பழக்கம் உண்டா, வீடு சுத்தமா, சேமிப்பு இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார்கள்.

கிளிநொச்சி ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. பாகங்களின் ஒரே அளவு என்பதை வகுப்பறையில் செலவில்லாமல் காட்ட வழி உண்டா?

ஒட்டுசுட்டான் கராச்:

உண்டு, சேர். 6203 இலக்கப் பெயரிங் இரண்டை வெவ்வேறு கம்பனிகளினதாகப் பார்த்து வாங்குங்கள். வேணியர் இடுக்கிமானியால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீற்றர் வரும். பிறகு எந்தப் பழைய கராச்சிலும் கையால் அராவிய புஷ் இரண்டு கேட்டு வாங்கி, அவற்றையும் அதே இடுக்கிமானியால் அளக்கக் கொடுங்கள். பெயரிங்கைத் தவிர மற்றவை இலவசமாகவே கிடைக்கும்.