சேவல் ஆளைக் கண்டாலே பாய்கிறது, அடக்க முடியுமா?

கொல்லைக்கோழி (கேட்டவர்):
வணக்கம். கொல்லையில் நாலு பெட்டை, ஒரு சேவல், எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி. தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டதால் இந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து என் மகள்தான் அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்த்தாள். மடியில் ஏறி உட்கார்ந்து கையிலேயே குருணை கொத்தித் தின்னும். இப்போது ஏழு மாதம், கூவ ஆரம்பித்த பிறகு குணமே மாறிவிட்டது. தண்ணீர் வைக்கக் குனிந்தால் பின்னால் வந்து கெண்டைக்காலில் அடிக்கிறது, அம்மாவின் சேலை முந்தானை ஆடினால் போதும், விரட்டிக்கொண்டு வருகிறது. நேற்று மகளைத் துரத்தி, முழங்காலுக்குக் கீழே அதன் கால்முள் கீறிவிட்டது. அப்பா குழம்பு வைத்துவிடலாம் என்கிறார், மகள் அழுகிறாள். பெட்டைகளிடம் தங்கமாக இருக்கிறது, புழு கண்டால் கூப்பிட்டுக் கொடுக்கும். என்ன செய்யலாம்?

மேட்டுத்தோட்டம்:
முதலில் பாப்பாவைப் பாருங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கோழி காலில் குப்பை மண்தான் இருக்கும். குழந்தை இருக்கும் நேரம் சேவல் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் முகம் சேவல் பாயும் உயரத்தில் இருக்கிறது, கண்ணில் பட்டால் போச்சு.

அப்புறம் சேவல். ஐந்தாறு மாதத்தில் பருவம் வரும்போது விடலைச் சேவல் பலதும் ஒரு முறை பலம் பார்க்கும். பெரிய சேவலோ வயசான பெட்டையோ உள்ள கூட்டத்தில் வளர்ந்திருந்தால் அவை மண்டையில் இரண்டு போட்டு மரியாதை கற்றுக்கொடுத்திருக்கும். கையில் வளர்ந்ததற்கு மனிதரிடம் பயமே கிடையாது, உங்களையும் தன் கூட்டத்தில் ஒரு கோழியாக நினைத்துத்தான் சண்டைக்கு வருகிறது.

கரிசக்காடு:
குச்சியால் இரண்டு போடுங்க, அடங்கிடும்.

மேட்டுத்தோட்டம்:
வேண்டாம் அண்ணா. அடித்தாலும் உதைத்தாலும் அது சண்டைக்குச் சரி என்று சொன்ன மாதிரி, அடுத்த நாள் இன்னும் வேகமாக வரும். ஓடினாலோ தான் ஜெயித்துவிட்டதாக முடிவு செய்துவிடும்.

பாய்வதற்கு முன்னால் கவனியுங்கள். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரச விட்டு, குட்டிக் குட்டி அடியாக எடுத்து வைத்துப் பக்கவாட்டில் சுற்றி வரும், கழுத்து மயிர் சிலிர்க்கும், சில சமயம் இரை கொத்துவது போலத் தரையைக் கொத்தும். அந்த நேரத்தில் பின்வாங்காமல் நேராக அதை நோக்கி நடந்து போங்கள், விலகி வழிவிட வேண்டியது அதுதான். பாய்ந்தே தீர்ந்தால் முறத்தைக் குறுக்கே பிடியுங்கள். அப்புறம் முதுகில் கை வைத்து மெதுவாகத் தரையோடு அமுக்கி, திமிறல் நிற்கும் வரை விடாதீர்கள். பிறகு இறக்கையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கொல்லை வேலையெல்லாம் பாருங்கள். தினமும், வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும், ஒருவருக்கு மட்டும் அடங்கிவிட்டு அம்மாவை விரட்டினால் பிரயோசனமில்லை. பகலில் பிடிக்க முடியாவிட்டால் இருட்டியதும் அடையும் இடத்தில் தூக்கிக்கொள்ளலாம், அப்போது கண் தெரியாது.

கையில் இரை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தரையில் இறையுங்கள், அது பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கட்டும், அது அதன் வேலை.

ஆத்தங்கரை:
அக்கா, நாலு பெட்டை ரொம்பக் கம்மி. ஒரு சேவலுக்கு எட்டு, பத்து பெட்டையாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பெட்டையை மிதித்து மிதித்து முதுகு மயிரெல்லாம் போய்த் தோல் கிழிந்துவிடும். பெட்டைகளைத் தூக்கி முதுகைப் பாருங்கள். சேவலின் கால்முள் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். அடியோடு வெட்டிவிடாதீர்கள், உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது.

ஒரு நல்ல சேவலை அவசரப்பட்டு இழக்க வேண்டாம் என்பதற்காகவும் சொல்கிறேன். பருந்து நிழல் தெரிந்தால் ஒரு குரல், பூனையோ பாம்போ தரையில் வந்தால் வேறு குரல், பெட்டைகள் அதற்கேற்ப ஒளியும். நம் கண்ணில் படுவதற்கு முன்னால் அது பார்த்துவிடும்.

கரிசக்காடு:
சிறுவிடை சண்டைச் சேவல் ரத்தமாச்சே, மனுசனையும் விடாதுன்னு நினைச்சேன்.

மேட்டுத்தோட்டம்:
அப்படியில்லை அண்ணா. அசில் என்கிற சண்டைச் சேவலுக்கே இன்னொரு சேவலைக் கண்டால்தான் ஆகாது, வளர்க்கிறவர் கையில் சாதுவாக நிற்கும். ஆள் மேல் பாய்கிறதைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதுவும் திருந்த வாய்ப்புண்டு.

கொல்லைக்கோழி (கேட்டவர்):
ரொம்ப நன்றி. அமுக்கிப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறோம், என்னைக் கண்டால் விலகுகிறது, அம்மாவிடம் இன்னும் முறைப்புதான். ஒரு பெட்டை அடைக்கு உட்காரப் போகிறது, இதன் முட்டையை வைக்கலாமா? சேவலைத் தனியாகப் பிரித்தால் முட்டை பொரியுமா?

ஆத்தங்கரை:
பிரித்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் வரை இடும் முட்டைகள் பெரும்பாலும் பொரிக்கும், விந்து பெட்டையின் உடம்புக்குள்ளேயே தங்கியிருக்கும். ஆனால் அம்மாவிடமும் அடங்கினால்தான் இதன் முட்டையை வையுங்கள், முரட்டுக் குணம் குஞ்சுக்கும் இறங்கக்கூடும். ஓரிரு மாதம் விடாமல் செய்தும் பாப்பா கொல்லைக்குப் போக முடியவில்லை என்றால் அப்பா சொல்வதுதான் சரி. அதற்குப் பதிலாக ஒரு வயது தாண்டிய சேவலாகப் பக்கத்தில் யாரிடமாவது கேளுங்கள். வாங்கும் முன் அவர்கள் கொல்லையிலேயே அதை நோக்கி வேகமாக நடந்து பாருங்கள், பெட்டைகளை அழைத்துக்கொண்டு ஒதுங்கினால் தூக்கிக்கொண்டு வரலாம்.