பொருள்: நேரே பார்க்காமல் பார்ப்பதற்கு ஒரு சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சித்திரையில் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போகிறோம். அதற்கான எட்டுப் பக்கக் கையேட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

காட்டப்போவது எம் 87 என்னும் நீள்வட்டப் பேரடை (கேலக்ஸி). (பேரடையா, விண்மீன் திரளா என்று தயவுசெய்து மறுபடியும் தொடங்க வேண்டாம். போன தடவை பட்ட பாடு போதும்.) கன்னி ராசியில், உத்திரத்துக்குக் கிழக்கே, ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நம் பக்கத்தில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்துவிடும். அதனால் மாடிக்கு ஏறாமல் எங்கள் வளவு (கூட்டுக்குடும்பம் இருக்கும் நடுக்கட்டு) முற்றத்திலேயே ஆறு அங்குலத் தொலைநோக்கியை வைத்து ஒத்திகை பார்த்தோம். தெருவிளக்கை நான்கு பக்கச் சுவரும் ஓடும் மறைத்துக்கொண்டன. மேலே சதுரமாக ஒரு துண்டு வானம்.

நேரே பார்த்தால் நடுவில் மங்கலாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். பார்வையைச் சற்று விலக்கிப் பக்கத்து இருட்டைப் பார்த்தால், பொட்டைச் சுற்றித் திருநீற்றை ஊதிவிட்டதுபோல ஓர் உருண்டை விரிகிறது. ஆசையாக அதன் பக்கம் திரும்பினால் சுருங்கிவிடுகிறது. விழித்திரையின் நடுவில் நெருங்கியிருப்பவை கூம்புச் செல்கள்; மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்கள் அதைச் சுற்றித்தான் மிகுதி. ஆங்கிலத்தில் இதை அவெர்ட்டட் விஷன் என்கிறார்கள். நான் ‘கடைக்கண் பார்வை’ என்று எழுதிவைத்தேன். ஒத்திகையில் “கன்னியைக் கடைக்கண்ணால் பாருங்கள்” என்று சொல்லித் தொலைத்தேன். ஒன்பதாம் வகுப்பு அடங்கக் கால் மணி நேரமாயிற்று.

தேவகோட்டைப் புலவர் எழுதியது:

அம்மா, சொல்லுக்கு எங்கும் அலைய வேண்டாம். வள்ளுவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“குறிக்கொண்டு நோக்காமை அல்லால் ஒருகண்
சிறக்கணித்தாள் போல நகும்”

குறிக்கொண்டு நோக்காமை என்றால் பொருளை நேராகக் குறிவைக்காமை. ‘ஒருகண்’ என்றும் சொல்லியிருக்கிறார். தொலைநோக்கியிலும் ஒரு கண்தானே! முந்தைய குறளில் காதலன் பார்க்கும்போது காதலி நிலத்தைப் பார்க்கிறாள், அவன் பார்க்காதபோது அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். உங்கள் பேரடை செய்வதும் அதுதான். ஆகவே ‘சிறக்கணிப்பு’.

சிறக்கணி என்பதில் உள்ள கணியும், விண்மீனைக் கண்டு நாள் சொல்லும் கணியனின் கணியும் ஒரே வேர் என்பது என் நாற்பதாண்டு எண்ணம். யாதும் ஊரே பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர் நம் மகிபாலன்பட்டி. “மைம்மீன் புகையினும்” (சனிக்கோள் புகைந்தாலும்) என்று கபிலர் பாடிய பறம்பும் நம் பிரான்மலைதான். வானம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று.

காரைக்குடி, ஓய்வு பெற்ற வேதியியலாளர் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். சிறக்கணியில் இருப்பது கண். அதுவும் கணியனின் கணியும் ஒரே வேர் என்றால், கணக்குப்பிள்ளையும் கண்ணிலிருந்துதான் வந்தாரா?

என் தடை வேறு. சிறக்கணித்தல் என்றால் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது என்றுதான் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் சொல்வார்கள். கண்ணைச் சுருக்கினால் உள்ளே போகிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும். சொல்லே செயலைக் கெடுக்கும். தவிர, ‘சிறப்புக் கணிப்பு’ என்று சோதிடப் பக்கத்தில் வருவதுபோல இருக்கிறது.

‘ஓரப்பார்வை’ என்று போட்டுவிடலாம். சொல் பொருளை முழுக்க விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீள்வட்டப் பேரடை என்கிறோம். வானியலாளர் ஹபிளின் வகைப்பாட்டில் அதன் தட்டை அளவு சுழியத்திலிருந்து ஏழு வரை போகிறது. சுழியம் என்றால் வட்டம். எம் 87 சுழியத்தை ஒட்டி நிற்கிறது. “உருண்டையாக இருக்கிறதே, இது எப்படி நீள்வட்டம்?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லையா?

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

மூன்று பேர் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டேன். சொல்தான் வேண்டும்.

கோனாபட்டு (இப்போது பினாங்கு) எழுதியது:

கையேட்டுக்கு உதவாது, இருந்தாலும் சொல்கிறேன். பேரடை என்பதை ‘வளவு’ என்றே சொல்லலாம். ஒரே வளவில் எத்தனையோ புள்ளி, அதாவது தனித்தனிக் குடும்பக் கணக்கு. கோயிலில் புள்ளிவரி கொடுத்தவர்களுக்குத் தெரியும், கல்யாணம் ஆனால்தான் புதுப் புள்ளி. சுருள் பேரடையில் வாயு இருக்கிறது, புது விண்மீன் பிறந்துகொண்டே இருக்கிறது. நீள்வட்டத்தில் வாயு பெரும்பாலும் தீர்ந்துபோயிற்று. இருப்பதெல்லாம் பழைய, சிவந்த விண்மீன்கள். பிள்ளைகள் எல்லாம் சென்னைக்கும் சீமைக்கும் போய்விட, ஆச்சியும் ஐயாவும் மட்டும் விளக்கேற்றிக்கொண்டிருக்கும் வளவு. எங்கள் வீடும் அப்படித்தான் இருக்கிறது.

புதுவயல், கண்ணாடிக் கடை எழுதியது:

அண்ணன் சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் விலக்குவது? வலக்கண்ணால் பார்க்கிறவருக்குக் காதுப் பக்கம் சுமார் 15 பாகையில் குருட்டுப்புள்ளி. பேரடை அங்கே விழுந்தால் இருந்த பொட்டும் போய்விடும். அது மூக்குப் பக்கம் விழ வேண்டும். அதாவது வலக்கண்காரர் பேரடைக்கு வலப்புறம் பார்க்க வேண்டும். கடைக்கண், ஓரக்கண் என்றால் பிள்ளைகள் பொருளைக் காதுப் பக்கம்தான் வைத்துக்கொள்வார்கள். ஆகவே இரண்டுமே ஆபத்து.

தேவகோட்டைப் புலவர் எழுதியது:

கடைக்கண் என்பது விழி ஒதுங்கும் இடம்; பொருள் இருக்கும் இடம் அன்று. வலக்கண் விழி வலப்புறம் ஒதுங்கினால் உங்கள் விதிப்படிப் பேரடை மூக்குப் பக்கம்தானே விழுகிறது? எனினும் நான் கடைக்கண்ணுக்கு வழக்காடவில்லை. சிறக்கணிப்பே. அது கசந்தால் அதே அதிகாரத்தில் ‘பொதுநோக்கு’ இருக்கிறது.

காரைக்குடி எழுதியது:

பொதுநோக்கு என்றால் பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி இருக்கிறது, ஐயா. விலக்குவதுதானே செயல்? ‘விலக்குபார்வை’.

புதுவயல் எழுதியது:

மதுவிலக்கு ஞாபகம் வருகிறது. ‘விலகுபார்வை’ போதுமே.

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

வியாழன் இரவு மணி பதினொன்றரை. வந்த கருத்துகளை எண்ணினேன். விலகுபார்வைக்கு நான்கு, சிறக்கணிப்புக்கு இரண்டு (இரண்டும் தேவகோட்டை), ஓரப்பார்வைக்கு ஒன்று. விலகுபார்வை என்றே அனுப்புகிறேன். எனக்கும் முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. “பார்வை விலகிவிட்டதா, டீச்சர்?” என்று ஒருவனாவது கேட்பான். புலவர் ஐயாவின் குறளைப் பக்க ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன்.

தேவகோட்டைப் புலவர் எழுதியது:

மெய்ப்புப் படி கிடைத்தது. ஐந்தாம் பக்கத்தில் ‘விலகுப்பார்வை’ என்று இருக்கிறது. விலகுபார்வை வினைத்தொகை; வல்லினம் மிகாது. சுடுசோறு, ஊறுகாய் நினைவில் கொள்க. சிறக்கணிப்பு என்று போட்டிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. அந்த ‘ப்’ என்னும் ஒற்றை எடுக்காவிட்டால் நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

கோட்டையூர் ஆசிரியை எழுதியது:

ஐயா, அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஐந்தாம் பக்கத்தில் எடுத்துவிட்டார்களாம். ஏழாம் பக்கத்தில் எடுத்தார்களா என்று கேட்பதற்குள் மின்சாரம் போய்விட்டது.