சினாப்ஸ் கத்தரிப்பு மாடல்: 3 மிஞ்ச வேண்டிய இடத்தில் பூஜ்யம்

சுண்டெலிக் குட்டியின் விழித்திரையிலிருந்து தலாமஸுக்கு (மூளையில் பார்வைச் செய்தியைக் கடத்தும் பகுதி) வரும் இணைப்புகள், அதாவது சினாப்ஸ்கள், வளரும்போது குறைவதை ப்ரையன்2 என்ற நியூரான் சிமுலேஷன் மென்பொருளில் மாடல் செய்கிறோம். ஒரே தலாமஸ் நியூரான், 20 உள்ளீடுகள், பிறந்த 8ஆம் நாள் முதல் 30 வரை. கடைசியில் 1 முதல் 3 வலுவான உள்ளீடுகள் நிற்க வேண்டும். ஒன்றுகூட நிற்கவில்லை.

உள்ளீடுகள் 7 ஆகும் வரை ஒழுங்காகக் குறைகின்றன. பிறகு மொத்த மின்னோட்டம் போதாமல் நியூரான் ஸ்பைக் (மின் துடிப்பு) அடிப்பதையே நிறுத்திவிடுகிறது. பதில் வராத ஒவ்வொரு வெடிப்புக்கும் (உள்ளீட்டிலிருந்து கொத்தாக வரும் ஸ்பைக்குகள்) கற்றல் விதி எடையை, அதாவது இணைப்பின் வலுவை, குறைப்பதால் மிச்சமும் சரிகிறது.

கற்றல் விதியாக முதலில் 20 மில்லிவினாடி சன்னல் கொண்ட எஸ்.டி.டி.பி. (இரு நியூரான்களின் ஸ்பைக் நேர வித்தியாசத்தைப் பார்த்து எடையை மாற்றும் விதி) போட்டோம். விழித்திரை அலையின் (கண் திறக்கும் முன்பே விழித்திரையில் தானாகப் பரவும் துடிப்பு) வெடிப்பு வினாடிக்கணக்கில் நீள்வதால், அந்தச் சன்னலுக்குப் பக்கத்து உள்ளீடும் தூரத்து உள்ளீடும் ஒன்றுதான். அதனால் வெடிப்புகளின் நேர வித்தியாசத்தைப் பார்க்கும் ±1 வினாடி வெடிப்பு விதிக்கு மாறினோம். உள்ளீட்டை வெட்டும் எடை வரம்பை உச்ச எடையில் 5%-இலிருந்து 2% ஆக்கினால் சரிவு இரண்டு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஸ்பைக் வேகத்தை இலக்காக வைத்த ஸ்கேலிங்கும் (எல்லா எடைகளையும் ஒரே விகிதத்தில் கூட்டிக் குறைப்பது) சேர்த்தாயிற்று: நேர மாறிலி 1 மணி என்றால் 20-ம் பிழைக்கின்றன, 24 மணி என்றால் அதற்குள் நியூரான் ஊமையாகிவிடுகிறது. 10 ரேண்டம் சீடிலும் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) இதே கதை.

ஸ்பைக் வேகத்துக்குப் பதில் மொத்த உள்ளீட்டு எடையை நிலையாகப் பிடித்து இதைச் சரிசெய்தவர்கள், நேர மாறிலி எவ்வளவு வைத்தீர்கள்?