மினி எக்ஸ்கவேட்டர்: சூடேறினா பூம், ஸ்விங் எல்லாம் நிக்குது, செயின் மட்டும் ஓடுது

தோப்புவண்டி (பொள்ளாச்சி):
வணக்கமுங்க. 3 டன் மினி எக்ஸ்கவேட்டர், செகண்ட்ஸ்ல வாங்கினது. தென்னந்தோப்புல சொட்டுநீர்க் குழாய்க்குக் குழி எடுக்கறதுதான் முக்கால்வாசி வேலை. காலைல நல்லா ஓடும். வெயில் ஏறுனா பூம் (பெரிய கை), ஆர்ம் (முன்கை), பக்கெட், ஸ்விங் (மேல்பாகம் திரும்பறது) நாலும் ஒரே நேரத்துல நின்னுடுது. ஜாய்ஸ்டிக்கை இழுத்தா இன்ஜின் சத்தம் கொஞ்சம்கூட இறங்கறதில்லை. ஆனா செயின் ரெண்டும் ஓடுது, பிளேடு ஏறி இறங்குது. கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டா சரியாயிடுது. வந்து பார்த்த மெக்கானிக் பம்ப்பை இறக்கணும்கறாரு. ஆயில், ஃபில்டர் மாத்தியாச்சு. ஃபியூஸ் நல்லா இருக்கு. பம்ப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கலாம்?

வாடகைமண்:
சீட்டுக்கு இடது பக்கம் லாக் லீவர் இருக்குல்ல, அதுக்குக் கீழ ஒரு சுவிட்ச். அந்த சுவிட்சைத் தாண்டி ஒயரை டைரக்ட் பண்ணி விட்டுடுங்க. எங்க வண்டி அப்படித்தான் ஓடுது.

சூலூர் ஒயரிங்:
டைரக்ட் பண்ணவே பண்ணாதீங்க. இறங்கும்போது சட்டை ஜாய்ஸ்டிக்ல மாட்டுச்சுன்னா பக்கத்துல நிக்கற ஆள் மேல பூம் திரும்பும். அந்த லாக் வச்சிருக்கறதே அதுக்குத்தான்.

பம்ப்பை இப்போ தொட வேண்டாம். செயின் ரெண்டும் பலமா ஓடுதுன்னா மெயின் பம்ப் மேல எனக்குச் சந்தேகமில்லை. செயின், பிளேடு லீவர்ல இருந்து ராடு நேரா வால்வுக்குப் போகுதான்னு குனிஞ்சு பாருங்க. மினி வண்டிகள்ல பெரும்பாலும் அப்படித்தான். நின்னுபோற நாலும் பைலட் ஆயில்ல, அதாவது ஜாய்ஸ்டிக் வழியா போய் மெயின் வால்வைத் தள்ளற குறைஞ்ச அழுத்த ஆயில்ல ஓடறது. நாலுக்கும் பொதுவானது லாக் சோலனாய்டு (லாக் லீவர் சுவிட்ச் வழியா கரண்ட் வந்தா பைலட் ஆயிலைத் திறந்துவிடற காயில் வால்வு), பைலட் ரிலீஃப் (அந்த ஆயில் அழுத்தத்தை அளவா வைக்கற வால்வு), பைலட் ஃபில்டர். இதுல கரண்ட் கோளாறா, ஆயில் கோளாறான்னு முதல்ல பிரிக்கணும்.

அடுத்த தடவை நிக்கும்போது பக்கெட்டைத் தரையில வச்ச நிலையில இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சாவி ஆன்ல, லாக் லீவர் வேலை செய்யற நிலையில இருக்கட்டும். லாக் சோலனாய்டு காயில் தலையில இருக்கற நட்டுல ஸ்க்ரூடிரைவர் முனையை வைங்க. காந்தம் மாதிரி வெடுக்குனு இழுத்தா கரண்ட் சரி, பைலட் போர்ட்டுல கேஜ் போட்டுப் பாக்கணும், 30-40 பார் பக்கம் வரணும். இழுவை இல்லைன்னா ஒயரிங்தான்.

அப்புறம் காயிலுக்கு ஒயர் சேர்ற கப்ளரைக் கழட்டிட்டு மீட்டர் வைக்காதீங்க. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கற ஒயர்கூட அப்போ 12 வோல்ட் காட்டும். கரண்ட் ஓடுனாத்தான் வோல்ட் எங்க விழுதுன்னு தெரியும். கப்ளர் மாட்டினபடியே பின்பக்கமா ஊசி விட்டு அளந்து பாருங்க. மீட்டர் இல்லைன்னா இண்டிகேட்டர் பல்ப், 21 வாட். ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய காயில் அளவுதான். அந்த கப்ளர்ல பல்ப் மங்கலா எரிஞ்சா ஒயர்ல தகராறு.

சூடானா ஏன் நிக்குதுன்னா, காயில் தாமிரம். 50 டிகிரி சூடு ஏறுனா ரெசிஸ்டன்ஸ் ஐந்துல ஒரு பங்கு கூடிரும். ஏற்கெனவே வோல்ட் குறைச்சலா வர்ற இடத்துல அது போதும், காயில் காந்தமா இழுத்துப் பிடிச்சிருக்கற பிளஞ்சர் கம்பி விட்டுடும்.

தோப்புவண்டி:
பாத்துட்டேனுங்க. நின்னப்போ ஸ்க்ரூடிரைவர் சும்மா ஒட்டுச்சு, இழுவையே இல்லை. காயில் ஆறினப்போ 8.2 ஓம்ஸ், சூட்டுல 9.8. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.9, கப்ளர்ல 6.1 தான் வருது. காயில் மாத்திடட்டுமா?

சூலூர் ஒயரிங்:
காயிலுக்கு ஒண்ணும் ஆகலை. மீதி 7.8 வோல்ட் எங்க போச்சுன்னு தேடுங்க. கருப்பு புரோபை பேட்டரி மைனஸ்ல வச்சு, சிவப்பைக் காயிலோட எர்த் பின்ல வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த்துதான்.

தோப்புவண்டி:
7.4 காட்டுச்சு! சீட் அடியில எர்த் வளையத்தை போல்ட் போட்ட இடத்துல பெயிண்ட். முன்னாடி வச்சிருந்தவங்க வண்டிக்கு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, அது மேலயே முடுக்கியிருக்காங்க. சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கினேன். இப்போ 0.1. மத்தியானம் முழுக்க ஓடுச்சு, நிக்கவே இல்லை. பம்ப்புக்கு வச்சிருந்த காசு டீசலுக்கு ஆச்சுங்க.

சூலூர் ஒயரிங்:
நல்லது. போல்ட் மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, தோப்பு ஈரம் சும்மா விடாது. அதே பிராக்கெட்ல வேற எர்த் இருந்தா அதையும் கழட்டிச் சுரண்டிடுங்க.

வாடகைமண்:
எங்க வண்டிக்கும் அப்படித்தான் இருக்குமோ? ஸ்விங் மட்டும் ஒரு பக்கம் மெதுவா திரும்புது.

சூலூர் ஒயரிங்:
ஒண்ணு மட்டும்னா அது லாக் சோலனாய்டு இல்லைங்க. முதல்ல அந்த டைரக்ட் ஒயரை எடுங்க. அப்புறம் மெயின் வால்வுல ஸ்விங்கோட ரெண்டு பைலட் ஹோஸையும் இடம் மாத்திப் பாருங்க. திருப்பம் தலைகீழாயிடும், ஆள் பக்கத்துல நிக்கக் கூடாது. மெதுவா போறது ஜாய்ஸ்டிக்கோட மாறுதா, ஒரே பக்கத்துல நிக்குதான்னு பாத்துட்டு தனியா ஒரு கேள்வி போடுங்க.