நாஸ்கா மண்கலங்களில் வெட்டுண்ட தலைகள் எதைக் குறிக்கின்றன?

கேள்வி (கரிகிரி):
அனைவருக்கும் வணக்கம். கிளேஸ் (சுட்டால் கண்ணாடி போல் பளபளக்கும் மேற்பூச்சு) பூசிய மண்பாண்டங்கள் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் நான். பெரு நாட்டின் தென்கடற்கரையில் ஏறத்தாழ கி.மு. 100 முதல் கி.பி. 700 வரை வாழ்ந்த நாஸ்கா மக்களின் கலங்களைப் படத்தில் பார்த்தேன். சக்கரமும் கிளேஸும் இல்லாமல் இத்தனை நிறங்களும் பளபளப்பும் அவர்களுக்கு எப்படிக் கைகூடின? அவற்றில் வரும் வெட்டுண்ட தலைகள் போர் வெற்றியின் அடையாளங்களா?

மறுமொழி (காட்பாடி):
அம்மா, கையாலேயே வனைந்த கலத்தின் மீது, இரும்பும் மாங்கனீசும் கலந்த மண்களையும் வெள்ளைக் களிமண்ணையும் நீரில் குழைத்துத் தீட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய பிறகே சூளையில் வைத்தனர். அவர்களுக்கு முன்பிருந்த பராக்காஸ் மக்கள் சுட்ட பின்னர் பிசின் வண்ணம் பூசினர். அது எளிதில் உதிர்ந்துவிடும். சுடுவதற்கு முன்பே தீட்டியதால்தான் நாஸ்கா வண்ணங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஒரே கலத்தில் பத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் காணலாம்.

மறுமொழி (வாணியம்பாடி):
போர் என்று மட்டும் கொள்வது போதாது என்பது என் கருத்து. வாய்க்கவசமும் நெற்றி அணியும் பூண்டு, கையில் தலையை ஏந்திய தெய்வ உருவம் இக்கலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சில ஓவியங்களில் அத்தலைகளின் வாயிலிருந்தே செடிகள் முளைக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி ஆறுகள் வறண்டு கிடக்கும் அந்நிலத்தில், தலை விதையாகவும் விளைச்சலாகவும் எண்ணப்பட்டது என்றே பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அகழாய்வில் உண்மையான தலைகளும் கிடைத்துள்ளன: நெற்றியில் துளையிட்டுக் கயிறு கோத்து, உதடுகளை முள்ளால் பூட்டியிருக்கின்றனர். அவற்றின் பற்களையும் எலும்புகளையும் ஸ்ட்ரான்சியம் முறையில் (ஒருவர் வாழ்ந்த நிலத்தின் தன்மை உணவு, நீர் வழியாக உடலில் பதிவதைக் கொண்டு அவர் ஊரைக் கண்டறியும் முறை) சோதித்தபோது, அவை தொலைவிலிருந்து வந்த பகைவருடையவை அல்ல, அப்பகுதியினருடையவையே என்று தெரியவந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. வாயில் செடி முளைக்கும் செய்தியைப் படித்ததும், வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும் காட்சி கண்முன் நின்றது.

மறுமொழி (வாணியம்பாடி):
எனக்கும் அந்நினைவு வந்தது. ஆனால் நம் சிரசு ஊர்வலம் வந்து அம்மன் உடலோடு பொருத்தப்படுகிறது. நாஸ்கா தலைகளோ உடலின்றித் தனியாகவே புதைக்கப்பட்டன. இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் பார்ப்பதே முறை. மேலும், இந்த வண்ணக் கலங்கள் கவாச்சி என்னும் சடங்குத் தலத்தில் மட்டுமல்லாமல் எளிய குடியிருப்புகளிலும் கிடைத்திருக்கின்றன. ஆகவே இவ்வுருவங்கள் பூசாரிகளுக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. சாதாரண வீட்டாரும் அவற்றைக் கையில் எடுத்துப் புழங்கியிருக்கின்றனர்.